முதல் மீன் குளத்துக்கு

அன்பான உறவுகளே, அக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு முடிகிறது. இந்த ஓராண்டாக என் காதில் விழுந்துகொண்டிருக்கும் ஒரு குறைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "லயத்துக்கே மீன் புடிச்சுக் குடுத்த மனுசி. அவங்க கருமாதிப் படையல் இலையில ஒரு மீன்துண்டு கூட இல்லையே! தம்பிக்காரன் கைய இறுக்கிட்டான்." இப்படிப் பேசியவர்களிடமும் இந்த நினைவு மலர் வந்து சேரும். எனக்கும் கோபம் உண்டு, அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அக்கா றக்வானைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். அம்மா இறந்தபோது ஒன்பதாம் வகுப்பில் இருந்தார். புத்தகப் பையை ஆணியில் மாட்டியவர் பிறகு அதை எடுக்கவே இல்லை. தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போய், என்னையும் தங்கச்சியையும் ஆளாக்கினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவருக்கு ஓய்வு. ஓய்வென்றால் தூண்டில்.

தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் குளத்தை உங்களில் பலர் அறிவீர்கள். காலையில் பனிமூட்டம் தண்ணீரை விட்டு எழும்ப மனமில்லாமல் கிடக்கும். அது மெல்ல விலகினால் தேயிலை மலை முழுவதும் தலைகீழாகத் தண்ணீருக்குள் தெரியும். பழைய செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டுதான் அக்காவின் தக்கை. அது மலையுச்சியில் மிதப்பதுபோல நிற்கும். அதையே பார்த்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருப்பார். அவர் விழித்திருக்கிறாரா, கனவு காண்கிறாரா என்று சொல்ல முடியாது. அக்கரையில் தூண்டில் போடும் சிங்களப் பெரியவர், "மாலு தியெனவாத, நங்கி?" என்று மீன் இருக்கிறதா எனக் கேட்பார். "தவம நே, அய்யே," இன்னும் இல்லை என்பார் அக்கா. பிறகு இருவரும் அவரவர் தக்கைக்குத் திரும்பிவிடுவார்கள்.

அக்காவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. முதலில் விழும் மீனை விட்டுவிடுவார். ஒருநாள் உள்ளங்கையை விடப் பெரிய திலாப்பியா முதலிலேயே விழுந்தது. அதையும் விட்டார். நானும் தங்கச்சியும் அழுதே விட்டோம்.

"முதல் மீனு குளத்துக்குடா. அதையும் நாமளே எடுத்துக்கிட்டா, அப்புறம் குளம் எதுக்கு நமக்குக் குடுக்கணும்?"

"அப்ப நமக்கு?"

"வரும். வராட்டி ரொட்டி இருக்கு, சம்பல் இருக்கு. செத்தா போயிருவோம்?"

நோய் வந்த பிறகு அக்காவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஒருநாள், "ஒரு தடவ குளத்துக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டார். என் ஆட்டோவிலேயே கூட்டிப்போனேன். தூண்டிலைப் பிடித்தார். மீன் விழுந்தது. இதையாவது இரண்டு வாய் சாப்பிடட்டும் என்ற ஆசையில் சத்தமில்லாமல் வாளியில் போட்டேன்.

"ஏன்டா, நான் இன்னும் போகவே இல்ல. அதுக்குள்ள என் பேச்சு போயிருச்சா?"

திட்டிக்கொண்டே அதைத் தண்ணீரில் விட்டேன். சற்று நேரத்தில் இரண்டாவது விழுந்தது, விரல் நீளத்தில். தங்கச்சி குழம்பு வைத்தாள். அக்கா நாலு வாய் சாப்பிட்டார். அவர் ருசித்துச் சாப்பிட்ட கடைசிச் சோறு அதுதான்.

கருமாதியன்று விடிந்ததும் அதே தூண்டிலோடு குளத்துக்குப் போனேன். பனி அப்படியே கிடந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டேன். ஒரு மீன் விழுந்தது, நல்ல மீன். பார்க்க யாருமில்லை. வாளி காலடியில் இருந்தது. நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, தண்ணீரில் விட்டேன். அன்றைக்குப் போல இரண்டாவது வரும் என்று உறுதியாக நம்பினேன். தக்கை அசையவே இல்லை. தங்கச்சி போனில் கூப்பிட்டாள். "எங்கண்ணே இருக்கீங்க? பூசாரி வந்து காத்துக்கிட்டு இருக்காரு." டவுனில் வாங்கியாவது வைத்திருக்கலாம் என்பீர்கள். எனக்கு மனம் வரவில்லை. அக்கா பிடிக்காத மீனை அக்காவுக்கு எப்படி வைப்பது?

அக்காவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தூக்கிச் சுமந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், இரவெல்லாம் கண்விழித்த அயல்வீட்டுப் பெண்களுக்கும், கிழட்டுக் கால்களோடு மலையேறி வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்த அக்கரைப் பெரியவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. குறை சொன்னவர்களுக்கும் நன்றி. அக்காவுக்கு மீன் வேண்டும் என்று நினைத்ததால்தானே சொன்னீர்கள்.

கருமாதியன்று எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மீன். அதுதான் முதல் மீன்.