பிடியரிசிப் பட்டியல்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் சர்ச் பங்கில், உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். எங்கள் நான்கு தெருவும் சேர்ந்து ஓர் அன்பியம். மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்போம். சனிக்கிழமை சாயங்காலம் அன்பியத்துப் பெண்கள் இரண்டு பேர் பக்கெட்டோடு வீடு வீடாக வந்து டப்பாவைக் காலி செய்து போவார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் தாழ்வாரத்தில் அந்த அரிசி பைகளாகப் பிரியும். பட்டியலில் பேர் உள்ள வீடு பை வாங்கும். மற்ற வீடு பிடி போடும். இரண்டிலும் சேராத வீடு என்று ஒன்று கிடையாது.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் போன இடத்தில் விபத்தில் இறந்த பிறகு எங்கள் வீடு பை வாங்கியது. ரேஷன் அட்டை பெரியப்பா வீட்டில் இருந்தது. அதிலிருந்து எங்கள் பேரை எடுத்துத் தனி அட்டை வாங்க அம்மா அலைந்துகொண்டிருந்தாள். தறிப்பட்டறையில் வாங்கும் கூலி என் படிப்புக்கும் வாடகைக்கும் போய்விடும்.

பை அரிசி பல வீட்டு அரிசி. பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பச்சரிசி குழையும் நேரத்தில் இட்லி அரிசி விறைப்பாக நிற்கும். அம்மா அதை வெகுநேரம் ஊறவைத்து, அடுப்பைத் தணித்து, மூடியில் கனம் வைத்து வேகவிடுவாள். அப்படியும் ஒரு வாய்க்குள் நாலு விதம் கடிபடும். ரசம் ஊற்றிப் பிசைந்தால் எனக்கு அமிர்தம். அம்மா ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்து, "இது டீச்சரம்மா ஊட்டுப் பொன்னி. எப்படி மல்லிகை மொக்காட்ட இருக்குது பாரு!" என்பாள். இன்னொன்றைக் கடித்துவிட்டு, "இது யாரு ஊட்டுதோ, கல்லாப் போட்டிருக்கறா. மோட்சத்துக்குக் கல்லு ரோட்டுலதான் போவா," என்று சிரிப்பாள்.

பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். எங்கள் அன்பியத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். எட்டிப் பார்த்து, "இதுல எங்க ஊட்டு அரிசி எதுடி?" என்றாள். பெஞ்சே சிரித்தது. நான் டப்பாவை மூடினேன்.

அந்த வாரமே அன்பியக் கூட்டம். பட்டியல் நோட்டு என்னிடம்தான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று பங்குச் சாமியாரே சொன்ன பிறகு அன்பியத் தலைவி வேறு யாரிடமும் நோட்டைக் கொடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்போம். மாதா மாதம் அவர் சொல்லச் சொல்லப் புதுப் பக்கத்தில் எழுதுவேன். அன்று எங்கள் வீடு வந்தபோது பேனாவை நிறுத்தினேன்.

"எங்க ஊட்டுக்கு வேண்டாமுங்க்கா."

"ஏஞ்சாமி? அட்டை வந்துருச்சா?"

"இல்லீங்க. அம்மாதான் வேண்டாம்னு சொன்னாங்க."

அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, அடுத்த பேரு எழுது," என்றார்.

அம்மா அன்று இரண்டாம் ஷிப்ட். வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அம்மா வழக்கம்போல் மஞ்சள் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றாள். பேர்கள் வாசிக்கப்பட்டன. எங்கள் பேர் வரவில்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பையை இன்னும் சின்னதாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வா, போலாம்," என்றாள். வழியெல்லாம் திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை பக்கெட் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. அம்மா கூப்பிட்டு நிறுத்தினாள். கையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். அதன் அடியில் அந்த வாரத்துப் பிடிகள்.

"இருக்கட்டும் சாமி, நீங்க எதுக்கு?" என்றார் அக்கா.

"பட்டியல்ல பேரு இல்லீங்களே. அப்பறம் போடறதுதானுங்க முறை."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். பாட்டிலைக் கவிழ்த்து அடியில் தட்டினாள்.

கடையில் வாங்கிய அரிசி அது. அதற்குப் பிறகு எங்கள் ராத்திரிச் சாப்பாடு கஞ்சியானது. எனக்கு ஊற்றிய பிறகு அம்மாவுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர். ஒவ்வொரு மாதமும் நோட்டு என் மடிக்கு வந்தது. ஒரு வரி எழுதினால் போதும். புதுப் பக்கத்தைத் திறந்து, அச்சு மாதிரி கையெழுத்தில் மற்றவர் பேரையெல்லாம் எழுதி மூடினேன். தனி அட்டை கைக்கு வர இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் ஒரு சனிக்கிழமைகூட அம்மா பாட்டிலை வெறுமையாக வைக்கவில்லை.

இப்போது சேலத்தில், ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்றாவது மாடியில் அறை. வாங்குவது ஒரே ரகப் பொன்னி. குக்கரில் மூன்று விசில். ஒவ்வொரு பருக்கையும் ஒரே மாதிரி. சாப்பிடும்போது பல் எதையோ தேடுகிறது. ஒருமுறை கடையில் நாலு ரகமும் கால் கிலோ வாங்கிக் கலந்து வேகவைத்துப் பார்த்தேன். அது வரவில்லை. யார் வீட்டு அரிசி என்று சொல்ல அதில் யாருமில்லை.

இங்கேயும் உலைக்கு முன் ஒரு பிடி எடுத்து வைக்கிறேன். மாடிக்குப் பக்கெட் வராது. சனிக்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன்.

போன வாரம் அக்காவே பக்கெட்டோடு வந்தார். என் பிடிகளைக் கொட்டினேன். உள்ளே வெள்ளையும் மங்கலும் நெட்டையும் குட்டையுமாக எல்லா வீடும் கிடந்தன. எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அக்கா, ஒரு பிடி எடுத்துக்கட்டுங்களா?"

"எடுத்துக்கலாம். பேரு எழுதியிருக்குதா?" என்று கேட்டுவிட்டு அக்கா உடம்பு குலுங்கச் சிரித்தார். "அன்னைக்கே எனக்குத் தெரியும் சாமி. அந்த ஞாயித்துக்கெழம சாயங்காலமே உங்கம்மாகிட்டக் கேட்டேன். 'எம்புள்ள எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டுங்க'ன்னு சொல்லிட்டாங்க."

பக்கெட்டை என் பக்கம் சாய்த்தார். மணிக்கட்டு வரை கையை விட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது.

"தட்டம் எடுத்தாரட்டுமா? ஊறப் போட்டா ராத்திரிக்கு ஆக்கிரலாம்."

"வேண்டாம்மா," என்று வெறுங்கையை வெளியே எடுத்தேன்.

சொன்ன பிறகுதான், அது அன்று அக்காவிடம் சொன்ன அதே சொல் என்று உறைத்தது. அக்கா அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். என் விரல் இடுக்கில் ஐந்தாறு அரிசி ஒட்டியிருந்தது. அதைத் தட்டாமல், கையை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.