அன்புச்செல்வி கேட்டு வாங்காத டீ

கொங்கு நாட்டில் ஒருவருக்குப் பெண் தர மறுக்கலாம், தோட்டத்துக்கு வழிவிட மறுக்கலாம், கோர்ட்டுக்குக்கூட இழுக்கலாம். அவர் வீட்டில் தண்ணீர் குடிக்க மட்டும் மறுக்கக் கூடாது. வழக்கு நடக்கும்போதும், "ஒரு வாய் தண்ணி குடிச்சுபோட்டுப் போங்க" என்று சொம்பு வந்துவிடும்.

அன்புச்செல்வி பதினோரு வருடமாக மறுத்துக்கொண்டிருந்தார்.

கோவையில் ஒரு தனியார் ஏஜென்சியில் பாதுகாப்பு ஆய்வாளர் அவர். அவிநாசியிலிருந்து ஈரோடு வரை சாயப்பட்டறை, பெயின்ட் கம்பெனி என்று மாதம் இருபது இடம். எல்லா இடத்திலும் பின்பக்கம் ஒரு பூட்டிய கொட்டகை இருக்கும். விருந்தாளிக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டும்போது யாரும் காட்டாத கொட்டகை. விஷக் கழிவு அங்கேதான் இருக்கும். மூட்டை கிழிந்திருக்கிறதா, தரை வெடித்திருக்கிறதா, கண் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா, தொண்ணூறு நாளுக்கு மேல் எதுவும் தங்கியிருக்கிறதா என்று பார்த்துக் குறித்து, அந்த இடத்துப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

கொட்டகைக்குள் எதுவும் குடிக்கக் கூடாது என்பது விதி. அன்புச்செல்வி அந்த விதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் காம்பவுண்டு சுவர்வரை கொண்டுவந்துவிட்டார். ஆபீஸ் ரூமில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் அதே பதில்தான்: "ரூல்ஸுங்க."

திமிர் என்றார் ஒரு மேனேஜர். விரதம் என்றார் இன்னொருவர். வாரத்தில் ஏழு நாளும் எந்தச் சாமிக்கு என்று அவர் யோசிக்கவில்லை. "டீ வேண்டாம்னா பெருசா எதையோ எதிர்பாக்கறாங்கன்னு அர்த்தமுங்க" என்று கண்ணடித்தார் அனுபவசாலியான ஒரு முதலாளி.

உண்மை அவ்வளவு சுவாரசியமானதல்ல. அன்புச்செல்வியின் அம்மா ராமாத்தாள் தோட்ட வேலைக்குப் போன காலத்தில் அவருக்குத் தண்ணீர் டம்ளரில் வராது. சொம்பு கையில் பட்டுவிடாத உயரத்திலிருந்து நேராக உள்ளங்கையில் விழும். அம்மா அதைச் சொல்லி அழுததில்லை. கையைக் குவித்துக் காட்டுவார், அவ்வளவுதான். இப்போது காகிதக் கப் வந்துவிட்டது. யார் வந்தாலும் அதே கப். குடித்ததும் நசுக்கி எறிந்துவிடலாம், கேள்வியையும் சேர்த்து. மனுசர்கள் மாறினார்களா, கப் மட்டும் மாறியதா என்று தெரிய வேண்டுமானால் ஒருவர் வீட்டு டம்ளரில் குடித்துப் பார்க்க வேண்டும். அந்த ஓர் ஆய்வில் மட்டும் அன்புச்செல்விக்கு விருப்பமில்லை. வேண்டாம் என்று முந்திக்கொண்டால், கிடைக்குமா என்ற கேள்வியே வராதல்லவா?

அம்மா போனபின் சிங்காநல்லூரில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு பேசும் ஒரே குரல், கேஸ் புக் செய்யும்போது ஒன்றை அழுத்தச் சொல்லும் குரல். மதியச் சாப்பாடு ஏதாவது ஒரு கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டி சீட்டில் டிபன் பாக்ஸை வைத்து, நின்றபடி.

சோமனூர் தாண்டி ஒரு சாயப்பட்டறை. அதன் கழிவுக் கொட்டகைக்குப் பொறுப்பாளர் வெங்கடலட்சுமி, முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு முறை டீ நீட்டிப் பார்த்தார். மூன்றாவது மாதம் தன் டிபன் பாக்ஸோடு கேட்டைத் தாண்டி வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க உள்ள வந்து திங்க மாட்டீங்க. நானு வெளிய வந்து திங்கலாமுங்கல்ல? அதுக்கும் ரூல்ஸ் இருக்குதுங்களா?"

அன்றிலிருந்து மாதத்தில் ஒரு நாள் அன்புச்செல்வி உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று வருடம் அப்படி ஓடியது. போன மாதம் வெங்கடலட்சுமி சொன்னார்:

"அடுத்த மாசத்தோட நின்னுக்கறேன் அம்மணி, மூட்டு வலி. அன்னிக்கி ஊட்டுல இருந்து டீ போட்டுக் கொண்டாருவேன். ஊட்டு டம்ளரு. கேட்டுக்கு வெளிய உங்க சட்டம் செல்லாது பாத்துக்கங்க."

"சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்று அன்புச்செல்வியே திகைத்தார்.

அந்த நாள் வந்தது. காலையில் வீட்டில் டீ போடாமலேயே கிளம்பினார்.

கொட்டகையில் சாயக் கசடு மூட்டைகள் நாற்பது. ஒவ்வொன்றிலும் புதிய லேபிள், போன வாரத் தேதி. ஆனால் கடைசி வரிசையில் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி வலை, தூசி படிந்து திரைச்சீலை போலத் தொங்கியது. சிலந்திக்குத் தேதி திருத்தத் தெரியாது. லேபிளின் ஓரத்தை நகத்தால் பெயர்த்தார். அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பழைய லேபிள்கள்; கடைசியாக இருந்ததற்கு ஏழு மாத வயது. எல்லாவற்றிலும் வெங்கடலட்சுமியின் முத்தான கையெழுத்து.

"சின்ன முதலாளி ஒட்டச் சொன்னாருங்க" என்றார் வெங்கடலட்சுமி, மூட்டைகளைப் பார்த்தபடி.

"எழுதித்தான் ஆகோணுமுங்கக்கா."

"என்ர பேரும் வருமுங்களா?"

"பொறுப்பாளர் பேரு வருமுங்க."

வெங்கடலட்சுமி படிவத்தை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்து, கையெழுத்துப் போட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்க் இருந்தது; பக்கத்தில் துணியில் சுற்றிய இரண்டு எவர்சில்வர் டம்ளர். வெங்கடலட்சுமி ஒன்றில் டீ ஊற்றித் தானே குடிக்க ஆரம்பித்தார்.

அன்புச்செல்வி நின்றார். பதினோரு வருடத்தில் வாயில் வராத வார்த்தை வந்தது.

"எனக்குங்க?"

வெங்கடலட்சுமி நிமிரவில்லை. "முப்பது வருசமுங்க அம்மணி. கடைசி நாள்ல என்ர பேர எழுதிப்போட்டீங்க." பிளாஸ்க்கைத் திருகி மூடினார். இரண்டாவது டம்ளரைத் துணியிலிருந்து பிரிக்கவே இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து கேட்டுக்குள் போனார்.

அறிக்கைதான் காரணம். அறிக்கை மட்டும்தான். ஸ்கூட்டியைக் கிளப்பும் முன் அன்புச்செல்வி இதைத் தனக்குத் தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.