பேயின் செருப்பைக் கண்டுபிடித்தவள்

வசந்தா, ஜமீலா, ஊரடங்கிய பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், மன்னியுங்கள். பிள்ளை இப்போதுதான் கண் அசந்தாள். மூச்சு சீராக வருகிறதா என்று நடுநடுவே எழுந்து போய்ப் பார்க்கிறேன். கோர்வையாக வராது.

நம் சரோஜா அக்கா போய்விட்டாள். சேதி எனக்குக் குழாயடியில் வந்தது. பீங்கான் கம்பெனியில் அவளோடு வேலை செய்த அஞ்சலை, குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "விசயம் தெரியுமாம்மா? சரோஜாவப் பேய் அடிச்சிடுச்சாம்" என்றாள். செத்துப்போனாள் என்று அவள் சொல்லவில்லை. இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை.

நாம் நாலு பேரும் ஒரே கம்பெனியில் இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். நான் ஆபீஸில் டைப் அடித்தேன். அவள் சூளையிலிருந்து வரும் கோப்பைகளைத் தட்டி விரிசல் பார்த்தாள். அந்தப் பழைய பேய்ப்படம் மேட்னிக்குத் திரும்ப வந்தால் ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஆளுக்கொரு புதுக் குறை கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடிக்காதவள் எல்லோருக்கும் முறுக்கு வாங்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். வெள்ளைப் புடவை மிதந்து வரும் கட்டத்தில் தியேட்டரே மூச்சடங்கிக் கிடக்க, "காலு இல்லாத பேயாம். ரப்பர் செருப்பு போட்டிருக்குது, பாருங்கடி" என்றாளே. பெண்கள் பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அடுத்த தடவை அதே கட்டத்தில் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். செருப்பைப் பார்த்த பிறகுமா பயம் என்று ஜமீலா கேட்டதற்கு, "பொய்யின்னு தெரிஞ்சி பயப்படறதுலதாண்டி சொகம். நெசமா பயப்படத்தான் வூடு இருக்குதே" என்றாள்.

கலியாணம் ஆன பிறகும் அவளை விட்டு அந்தப் படம் போகவில்லை. கூந்தலை அவிழ்த்துப் போட்டு அந்தப் பேயின் சிரிப்பைச் சிரித்துக் காட்டுவாள். தெருப் பிள்ளைகள் அலறி ஓடிவிட்டு, மறுபடி செய்யச் சொல்லித் திரும்பி வரும். மாமியாரும் சேர்ந்து சிரிப்பார்.

துக்கம் கேட்கப் போனபோது அந்த மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டிலேயே பிரசவமாகியிருக்கிறது. பெண் குழந்தை. பிறகு ஜுரம் ஏறி, கண் செருகி, தானாகப் பேசிச் சிரித்திருக்கிறாள். "எப்பவும் செய்யறதுதானேம்மா. மொதல்ல சினிமா காட்டுறான்னுதான் இருந்தோம்" என்றார். நடிப்பில்லை என்று தெரிந்தபோது, அப்படியானால் பேய்தான் என்று முடிவு செய்து, பூசாரியைக் கூப்பிட்டு வேப்பிலையால் அடித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். நடிப்பு என்றார்கள், பேய் என்றார்கள். ஜுரம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு வாய் இல்லை. அவர் கெட்டவர் இல்லை, அழுகையும் பொய்யில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

பிரசவ ஜுரம்தான், நேரத்துக்கு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று அங்கேயே சொன்னேன். பக்கத்தில் இருந்த ஒரு கிழவி, "நீயும் அவகூடப் பேய்ப்படம் பாத்தவதானே. உம் புள்ளையப் பத்தரமா பாத்துக்க" என்றாள். படித்த என் வாய் அதோடு அடைத்துக்கொண்டது.

இப்போது பூசாரி இன்னொன்றும் சொல்லியிருக்கிறானாம். அவள் பிள்ளையைத் தேடி வருவாள், கருமாதியன்று புளியமரத்தில் ஆணி அடித்துக் கட்டிவிட வேண்டும் என்று. இது நடந்துவிட்டால் அந்தக் குழந்தை பேயின் மகளாகத்தான் வளரும். பெற்றவளின் பெயரைச் சொன்னாலே அதற்கு உடம்பு நடுங்கும். பேயின் காலில் செருப்பைப் பார்த்தவளுக்கா இந்த முடிவு?

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே பழக்கம். எதைக் கண்டு பயந்தாலும் முதலில் அதன் காலைப் பார்க்கிறேன். ஆணி அடிக்கச் சொல்கிறவன் காலிலும் செருப்பு இருக்கிறது. அதையும், அவள் ஜுரத்தில்தான் செத்தாள் என்பதையும் கருமாதி வீட்டில் பெண்கள் கூடி உட்காரும்போது சொல்ல வேண்டும். நான் மட்டும் சொன்னால் என் பிள்ளையைக் காட்டி வாயை அடைப்பார்கள். மூன்று பேராகச் சொன்னால் அது முடியாது.

கருமாதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. வசந்தா, நல்லூரிலிருந்து அன்று காலை பஸ்ஸில் வந்துவிடலாம். ஜமீலா, மங்கலம்பேட்டையிலிருந்து உன்னைத் தனியாக அனுப்ப மாட்டார்கள் என்றால் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா. வருகிறீர்களா என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.