மறுபடி போட வேண்டாம்

பல் டாக்டர் என்று யாராவது தவறிச் சொல்லிவிட்டால் அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "டாக்டர் பல்லைப் பிடுங்கறவர். நான் பல்லைக் கொடுக்கறவன்" என்பார். என் அக்காவின் கணவர் அவர். பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் சுண்ண மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ராவி, மெருகேற்றி, சின்னப் பெட்டியில் போட்டு அனுப்புவார். அவர் எதையாவது பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருடைய சொந்த வேலையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். செட் கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று பெரியவர்கள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வந்து நின்றாலும், "இடது பக்கம் கொஞ்சம் தூக்கல்" என்று முணுமுணுத்து அந்தச் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிடுவார்.

இந்த மனிதருக்குப் பியானோப் பைத்தியம். வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். அதுவும் எல்லாவற்றையும் அல்ல. ஒரே ஒரு சொனாட்டா, மூன்று பகுதியாக வரும் பியானோ உருப்படி; அதிலும் நடுவில் வரும் மெதுவான பகுதி. இடது கை ஒரே நடையில் நடந்துகொண்டே இருக்கும், வலது கை அதன் மேல் பாடும். பாதி வழியில் இரண்டு கையும் சட்டென்று நின்றுவிடும். பிறகு அதே மெட்டு திரும்பி வரும். ஆனால் பழைய மாதிரி இருக்காது, அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். இதை வெவ்வேறு கலைஞர்கள் வாசித்த இசைத்தட்டுகள் அவர் அலமாரி முழுக்க அடைந்து கிடந்தன. "ஒரே பாட்டுக்கு எதுக்கு அத்தான் இத்தனை தட்டு?" என்று அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் கேட்டுத் தொலைத்தேன். "ஒரே சட்டையை உனக்கும் எனக்கும் மாட்டினா ஒரே மாதிரியா இருக்கும்?" என்றார். அத்தான் ஒல்லிக்குச்சி. நான் டயர் கடை வைத்திருக்கிறேன், ஆளும் லாரி டயர் மாதிரிதான்.

ஞாயிறு மதியம் அவர் வீட்டில் கூடுவோம். மருந்துக் கடைக்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அத்தான், நான். நான் டீக்கும் பிஸ்கட்டுக்கும் போகிற ஆள் என்பது எல்லாருக்கும் தெரியும். பாட்டுப் பெட்டி பீரோவுக்குப் பின்னால் இருக்கும். அக்காதான் தட்டைப் போடுவாள். எல்லாரும் அபிப்பிராயம் சொல்லி முடிக்கும்வரை, வாசித்தது யார் என்று அவள் சொல்லக் கூடாது. பேர் தெரிந்த பிறகு யாராவது பேச்சை மாற்றினால் அது செல்லாது. அத்தான் போட்ட சட்டம் இது. ஒருமுறை மருந்துக் கடைக்காரர் "தூக்கமா வருது" என்று கொட்டாவி விட்டார். உலகமே கொண்டாடுகிற ஆள் வாசித்தது என்று தெரிந்ததும், "அதான், மனசை அப்படியே சாந்தப்படுத்திடுச்சு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தான் அவரை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார். சட்டம் அன்றைக்குப் பிறந்தது.

பேர்கள் எங்கள் வாயில் நுழையாததால் கலைஞர்களுக்குப் பட்டப்பேர் வைத்திருந்தோம். ஒருவர் வக்கீல். ஒவ்வொரு சுரத்தையும் அழுத்தி அழுத்தி நிரூபிப்பார். நிற்கிற இடத்தில்கூட 'புரிந்ததா?' என்று கேட்டுவிட்டு நிற்பது போல இருக்கும். இன்னொருவர் தபால்காரர். கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார், நின்றாரா என்பதே சந்தேகம். ஓர் அம்மா உண்டு, நர்ஸ். நோயாளி தூங்கும் அறைக்குள் நடப்பது போல அவ்வளவு பதமாகத் தொடுவார். அவர் நிற்கிற இடத்தில் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அத்தானோ ஒருத்தரையும் விட மாட்டார். "வக்கீலுக்குக் கை பெரிசு, காது சிறிசு." "நர்ஸ் நல்லா அழ வைக்கிறா, ஆனா அழ வைக்கணும்னே வாசிக்கிறா." இப்படிப் பிய்த்துப் போட்ட கையோடு, "சரி, மறுபடி போடு" என்பார். ஒன்றை அவர் மதிக்கிறார் என்பதற்கு அந்த ஒரு வார்த்தைதான் அடையாளம்.

இந்த வீட்டில்தான் பாப்பா வளர்ந்தாள். அவர்களுக்கு ஒரே மகள். மூடப்போகிற ஒரு பள்ளிக்கூடத்தில் யாரும் தூக்க முன்வராத பியானோவை ஆள் வைத்து மாடிக்கு ஏற்றினார் அத்தான், அவளுக்காக. ஒரு டீச்சரம்மாவையும் தேடிப் பிடித்தார். பாப்பாவும் மளமளவென்று கற்றுக்கொண்டாள். ஆனால் அவள் எதை வாசித்தாலும் அவர் எழுந்துபோய் ஒரு தட்டோடு வருவார். "இங்க கேளு, இவரு எப்படி விட்டுப் பிடிக்கிறாரு பாரு." சின்னவளாக இருந்தபோது ஆசையாகக் கேட்டாள். வளர்ந்த பிறகு, அவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டாலே கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அப்பா பட்டறைக்குப் போன பிறகு மட்டும் வாசிக்கப் பழகிக்கொண்டாள். அப்போது கேட்க அக்கா இருப்பாள், சில நாள் நானும் இருப்பேன். எங்களைப் போல ஆயிரம் பேர் கைதட்டினாலும் அவளுக்குப் போதாது என்பது அவள் முகத்திலேயே தெரியும்.

டீச்சரம்மா சொல்லி, தூரத்து இசைக் கல்லூரி ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்தது. அதே சமயம் இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்தும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். எதற்காவது ஒன்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அத்தானைக் கேட்டதற்கு "உன் இஷ்டம்" என்றார். உலகத்தில் இதைவிட உபயோகமில்லாத வார்த்தை கிடையாது.

பாப்பா அக்காவிடம் வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, காலேஜுக்கு அனுப்ப நான் வாசிச்சுப் பதிவு பண்ணின கேசட் இருக்கில்ல, அப்பாவோட அந்தப் பாட்டுதான். ஞாயித்துக்கிழமை அதைப் போடு. யாருன்னு சொல்லாதே."

"எதுக்குடி?"

"யாருன்னு தெரிஞ்சா பொண்ணுன்னு பார்ப்பாரு. தெரியாம கேட்கட்டும். ஒரே ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும், இல்ல மறுபடி போடுன்னாவது சொல்லட்டும். நான் காலேஜுக்குப் போறேன். இல்லேன்னா ஆபீஸ்."

"நேரா அவரையே கேட்டுடேன்."

"நேரா கேட்டா ஒரு தட்டை எடுத்துட்டு வருவாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாப்பாவுக்கு வரவில்லை.

அந்த ஞாயிறு அவள் சமையலறையில் கதவோரமாக நின்றுகொண்டாள். அக்கா பீரோவுக்குப் பின்னால் போய்க் கேசட்டைப் போட்டாள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். இடது கை நடக்க ஆரம்பித்தது. அக்கா மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் எதையும் நிரூபிக்கப் பார்க்கவில்லை, யாரையும் அழ வைக்கவும் பார்க்கவில்லை. நடுவில் நின்றபோது, மெட்டு திரும்பி வருமா வராதா என்று அவளுக்கே தெரியாதது போல நின்றாள். அது திரும்பி வந்ததும்தான் நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

"பிரமாதம். யாரு இது, புது ஆளா?" என்றார் வாத்தியார்.

"இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

நான் வழக்கம்போல் "நல்லா இருக்கு" என்றேன். எல்லாரும் அத்தானைப் பார்த்தோம். அவர் நகக்கண்ணில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கை இருக்கு. ஆனா யாரோ முதுகுக்குப் பின்னாடி நிக்கறாங்கன்னு பயந்துக்கிட்டே வாசிக்கிற கை. நிக்கற இடத்துல தைரியம் பத்தலை." சுரண்டிய மெழுகை ஊதித் தள்ளினார். "வேற ஏதாவது போடு. இதை மறுபடி போட வேண்டாம்."

அக்கா பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. "யாருங்க அது?" என்று மருந்துக் கடைக்காரர் கேட்டதற்கு, "பேர் போடலை" என்றாள். சமையலறையில் யாரோ குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் பாப்பா கல்லூரிக்கு வரவில்லை என்று எழுதிப்போட்டுவிட்டு, ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டாள். அந்தக் கேசட்டின் மேல் வேறு எதையோ பதிந்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவர் பட்டறைக்குப் போனேன். மெருகேற்றும் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு வாசிச்சது யாருன்னு தெரியுமா அத்தான் உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"பாப்பா" என்றார், திரும்பாமலே.

சக்கரச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று கிட்டே போனேன்.

"ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுச்சு. பெடலை மிதிக்கும்போது அவ குதிகால் தரையில தட்டும். கால் எட்டாத வயசுல வந்த பழக்கம்."

"தெரிஞ்சுமா அப்படிப் பேசினீங்க?"

"வாத்தியாரும் மருந்துக் கடைக்காரரும் ஆகா ஓகோன்னாங்க பாரு, அவங்களுக்கும் தெரிஞ்சுடுச்சுன்னு நினைச்சேன். என் பொண்ணாச்சேன்னு முகத்துக்காகப் புகழறாங்க. நானும் சேர்ந்து ஜால்ரா போட்டா அவளுக்கு என்ன மரியாதை? வக்கீலை எப்படிப் பேசறேன்? நர்ஸை எப்படிப் பேசறேன்? அவங்களை வெச்ச அதே தராசுலதானே இவளையும் வெச்சேன். அதைவிட என்ன பாராட்டு இருக்கு மாப்பிள்ளை?"

"அவங்களுக்கெல்லாம் மறுபடி போடுன்னு சொல்வீங்களே. இவளுக்கு ஏன் வேண்டாம்னீங்க?"

அவர் சக்கரத்தை நிறுத்தினார். "இன்னொரு தடவை கேட்டிருந்தா எல்லார் முன்னாடியும் அழுதிருப்பேன்."

பாப்பா என்ன முடிவோடு கதவோரம் நின்றாள் என்று அப்போதுதான் சொன்னேன். அத்தானின் அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். மாவு அப்பிய கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

பாப்பா ஆபீசிலிருந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், குதிகால் சத்தம் உட்பட. அந்த மனிதர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பேர் தெரிஞ்சப்புறம் பேச்சை மாத்தினா செல்லாதுப்பா" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முன்னாடியே தெரியும்மா எனக்கு."

"தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க. தெரியாததாலதான் நிஜத்தைச் சொன்னீங்க. பரவாயில்லப்பா. எனக்கும் அதுதான் நிஜம்னு தோணுது."

அவர் பெற்ற பெண்ணிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றார். அவள் எழுந்துபோய் அவர் கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு அத்தான் மாறிப்போனார். எங்கிருந்து வந்ததோ, வாயைத் திறந்தால் "நல்லா இருக்கு"தான். வக்கீலும் நல்லா இருக்கு, தபால்காரரும் நல்லா இருக்கு. ஏனோதானோ என்று வாசித்த தட்டைப் போட்டாலும் நல்லா இருக்கு. சண்டை இல்லாத ஞாயிறு மருந்துக் கடைக்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாத்தியாரும் மெல்ல நின்றுவிட்டார். பல் செட் வாங்க வருகிறவர்களிடம் "அழகா இருக்கீங்க" என்றுகூடச் சொன்னார். ஒருநாள் என் கடைக்கு வந்து, வாசலில் அடுக்கியிருந்த டயர்களைப் பார்த்துவிட்டு, "நல்லா அடுக்கியிருக்கே மாப்பிள்ளை" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தை அவர் காலம் கடந்து, ஊர் முழுக்க ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

பாப்பா ஆபீசில் நல்ல பேர் எடுத்தாள், கல்யாணம் கட்டிக்கொண்டு போனாள். ஞாயிறுதோறும் வருவாள். அப்பாவோடு சிரித்துப் பேசுவாள், மருந்து கொடுப்பாள், எல்லாம் செய்வாள். பியானோ பக்கம் மட்டும் போக மாட்டாள்.

அத்தான் படுத்த படுக்கையான பிறகு ஒரு ஞாயிறு, நானும் அவளும் அவர் பக்கத்தில் இருந்தோம். ரேடியோவில் யாரோ அந்தப் பாட்டை வாசித்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மெட்டு நின்று, திரும்பி வந்தது.

"இதைவிட நீ நல்லா நின்னேம்மா" என்றார். "திரும்பி வராதோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு."

பாப்பா அவர் போர்வையைச் சரி செய்தாள். "தூங்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"கேட்டியா பாப்பா, அப்பா என்ன சொன்னாருன்னு?"

"அப்பா இப்ப எல்லாத்தையும்தான் நல்லா இருக்குங்கறாரு மாமா. நேத்து ஊசி போட வர்ற பொண்ணு கதவைச் சாத்தினதைக்கூட நல்லா சாத்தினேன்னாராம்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே போனேன். அத்தான் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"நம்பினாளா?"

"நம்பிட்டா அத்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படி ஒரு முகத்தை அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை. "அப்ப ஒரு தடவை வாசிக்கச் சொல்லேன். கதவைத் திறந்து வை, போதும்."

நான் கூடத்துக்கு வந்தேன். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் கேட்டதைச் சொன்னேன். அவள் தன் விரல்களைப் பார்த்தாள்.

"எல்லாம் மறந்துபோச்சு மாமா. பஸ் போயிடும்" என்று சொல்லிப் படியிறங்கிவிட்டாள்.

எவ்வளவு நேரம்தான் கூடத்திலேயே நிற்பது? திரும்பிப் போனேன். பியானோ சத்தம் வராத வீட்டில் அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெதுவாக என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நம்பிட்டான்னு நீ சொன்னது நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை" என்றார்.