மக்ரூன் டப்பாவில் பன்னிரண்டு கைநாட்டு

என் மேசையின் கீழறையில் ஒரு மக்ரூன் டப்பா இருக்கிறது. மூடியைத் திறந்தால் இன்னும் முந்திரியும் சர்க்கரையும் மணக்கும். உள்ளே மக்ரூன் இல்லை. புன்னைக்காயலில் சங்கு குளிக்கும் பன்னிரண்டு பேர் பெருவிரலை உருட்டி வைத்த ஒப்புதல் படிவங்கள் இருக்கின்றன. "கடக்காத்துல நமுத்துரக் கூடாதுல்லா தம்பி, அதான் இதுல வச்சுக் கொண்டாந்தேன். வேற நகல் கெடயாது, பாத்துக்கிடுங்க" என்று சொல்லி அவர்களை ஆராய்ந்த அந்த ஆய்வு மாணவி அக்கா நீட்டியபோது, தின்னத்தான் தருகிறார் என்று நினைத்து ஆவலோடு திறந்து அசடு வழிந்தேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவரை நேரில் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரி நடத்தும் ஆய்விதழில் நான் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்தேன். வரும் கட்டுரைகளில் திருட்டு உண்டா, மனிதர்களைச் சோதித்திருந்தால் அவர்களிடம் முறையாகச் சம்மதம் வாங்கினார்களா என்று பார்ப்பது என் வேலை. வேலை என்றா சொன்னேன்? வெறி. உப்பளத்தைப் பற்றிய ஒரு கட்டுரையில் திடீரென்று பனிப்பொழிவு வந்தபோது, எங்கிருந்தோ சுட்டதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொன்னவன் நான்.

அக்காவின் கட்டுரை சங்கு குளிப்பவர்களின் மூச்சைப் பற்றியது. அவர்கள் கரையேறியதும் ஒரு குழாயில் ஊதச் சொல்லி, நுரையீரல் எவ்வளவு தாங்குகிறது என்று அளந்திருந்தார். மென்பொருளில் போட்டேன், ஒரு வரிகூடத் திருட்டில்லை. எனக்குச் சின்ன ஏமாற்றமாகக்கூட இருந்தது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. பிறகு அட்டவணையில் இருந்த தேதிகளைச் சும்மா நாட்காட்டியில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் ஞாயிற்றுக்கிழமை.

நான் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் நாசரேத்துக்காரன், கடல் தெரியாது. ஆனால் விடுதியில் என் அறைத்தோழன் கடற்கரைக்காரன். "ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசை, எங்கூர்ல வள்ளம் தண்ணியத் தொடாதுலே" என்று சொல்லியிருக்கிறான். யாருமே கடலுக்குப் போகாத நாளில் கரையேறியவர்களை எப்படி ஊதச் சொல்ல முடியும்? உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தேகம் வந்தால் முதலில் எழுதியவரிடம் கேட்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், அதன் பிறகே மேலிடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. எனக்கு அது மனப்பாடம். பொறுப்பாசிரியர் ஊரில் இல்லை. நான் ஒரே கடிதத்தை அக்காவுக்கும் அவருடைய நெறியாளருக்கும் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்பினேன்.

அன்று மாலை அக்கா ஃபோனில் அழைத்தார். "கையெழுத்து வாங்குன தேதிய ஊதுன தேதின்னு ஏத்திட்டேன் தம்பி. என் தப்புதான். படிவத்தத் திருப்பிப் பாருங்க." நான் அதிகாரி போல, "எழுத்துல குடுங்க" என்றேன். அக்கா மெதுவாகச் சொன்னார்: "இந்த மாசக் கடைசியோட எனக்கு நீட்டிப்பு முடியுது. இந்தக் கட்டுரை வராம ஆய்வேட்டக் குடுக்க முடியாது. அனுப்புததுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" வைத்துவிட்டார்.

டப்பாவைத் திறந்து முதல் படிவத்தைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில், சிறிய எழுத்தில்: 'ஊதியது வியாழன், கரையேறியதும். ஒப்புதல் அதற்கு முந்தைய ஞாயிறு, பூசைக்குப் பிறகு.' பன்னிரண்டிலும் அப்படித்தான். ஊதிய கிழமை மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. கடிதம் அனுப்புவதற்கு முன் நான் ஒன்றைக்கூடத் திருப்பியிருக்கவில்லை.

தவறு என்னுடையது என்று அன்றே மூன்று பேருக்கும் எழுதினேன். நெறியாளர் அதற்குள் தன் பெயர் கெட்டுவிடும் என்று கட்டுரையில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற்றிருந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வந்தது. ஒரு சந்தேகத்தைப் பதிவு செய்ய அவர்களிடம் படிவம் உண்டு. அதை அழிக்கப் படிவம் இல்லை. ஊர் திரும்பிய பொறுப்பாசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏலே, நீ படிச்சவம்லா? மொதல்ல அந்தப் பிள்ளைட்ட கேக்காண்டாமா?" மாதம் முடிந்தது. ஆய்வேட்டைக் கொடுக்க முடியாமல் அக்காவின் ஆய்வுப் பதிவு ரத்தானது. அவர் எண் அதன் பிறகு அணைந்தே கிடக்கிறது.

போன வாரம் புன்னைக்காயலிலிருந்து ஒருவர் அலுவலகம் தேடி வந்தார். பன்னிருவரில் மூத்தவர். பேசும்போதே மூச்சு வாங்கியது. "அந்தப் பிள்ள எங்க தம்பி? ஊதிப் பாத்ததுக்கு முடிவு சொல்லுதேன்னுச்சு, ஆளயே காணும்." உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் என்னையே பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம கடலுக்குப் போவமாட்டோம்னு ஒமக்குத் தெரிஞ்சிருக்கு. ஞாயித்துக்கெழமதான் எங்களக் கரையில புடிக்க முடியும்னு தெரியலயாக்கும்?"

கீழறையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"சரி, எங்க கைநாட்டத் தாரும். அந்தப் பிள்ளைக்கு ஒதவாதது இங்கன எதுக்குக் கெடக்கு?"

"அண்ணாச்சி, ஒரு வாரம் குடுங்க."

"வார ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல பன்னெண்டு பேரும் நிப்போம். அங்கன வச்சுத்தான் அந்தப் பிள்ள வாங்குச்சு. அங்கனயே வந்து தாரும்."

நாளைக்கு ஞாயிறு. அக்கா பொய் சொல்லவில்லை என்பதற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் சான்று இந்தப் பன்னிரண்டு தாள்தான். பல்கலைக்கழகம் என்றாவது கண் திறந்து கேட்டால் காட்ட வேறெதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தாளின் கடைசி வரியும் இப்படி இருக்கிறது: 'நான் விரும்பும்போது, காரணம் சொல்லாமல், இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்.' இந்த வரி இல்லை என்பதற்காகவே எத்தனையோ கட்டுரைகளைத் திருப்பி அனுப்பியவன் நான். நகல் எடுத்து வைத்தாலும் அது விலகியவரை விடாமல் பிடித்து வைப்பதுதான். கொடுத்தால் அக்காவை இரண்டாம் முறை அழிக்கிறேன். கொடுக்காவிட்டால், நான் யார்?

காலை முதல் அவர் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். இந்த முறையாவது முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றே வருகிறது. ஜன்னல் வழியே ஈரக்காற்று அடிக்கிறது. படிவங்களை அடுக்கி, டப்பாவை அழுத்தி மூடி, நாளைக்குப் பேருந்தில் கொண்டுபோகும் பையில் வைத்தேன். நமுத்துவிடக் கூடாது.