ஈரம் காயாத அச்சு

இன்று பீரங்கிக்காரப் பொம்மை ஒன்றை வார்க்க ஈயம் உருக்கினேன். அந்த நெடி, இறால் பண்ணையாகிப்போன எங்கள் மரக்காணத்து உப்பளத்துக்கு என்னை இழுத்துப் போனது. சின்ன வயதில் அங்கே அக்காவும் நானும் பாத்திச் சேற்றில் அச்செடுத்து, வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை உருக்கி ஊற்றிச் சிப்பாய்கள் செய்வோம்; உப்புக் குவியல்மேல் அவர்களை நிறுத்தி, கைகால் பிய்ந்து விழும்வரை கல்லால் அடித்துச் சிரிப்போம். ஒருநாள் ஈரம் காயாத அச்சில் அக்கா ஊற்றிவிட்டாள். வெடித்துத் தெறித்த ஈயம் அவள் இடது கண்ணில் பாய்ந்தது. அலறிக்கொண்டே உப்பில் புரண்டாள்.

இப்போது அதே நெடி மூக்கிலேற என் அறைக்குள் வந்த அக்கா, கண்ணாடி அலமாரியில் தொப்பி முதல் பொத்தான் வரை சரித்திரம் பிசகாமல் நிற்கும் என் பட்டாளத்தை ஒற்றைக் கண்ணால் நிதானமாகப் பார்த்தாள்.

"எல்லாம் கரெக்டாதான் செஞ்சிருக்க. சண்டைக்குப் போன ஒருத்தனுக்குக்கூடவாடா கண்ணு போவல?"