வெள்ளி ரெண்டு மணி மீட்டிங்

எங்கட கல்முனைக்குடியில் டொக்டர் எண்டால் விளங்கும். மாஸ்டர் எண்டால் விளங்கும். கட்டாருக்குப் போன ஆள் எண்டால் இன்னும் நல்லா விளங்கும். கொன்சல்டன்ட் எண்டு சொல்லிப் பாருங்க, "அது சரி மனே, வேல என்ன?" எண்டு கேப்பாங்க.

நான் நிப்றாஸ். வயசு முப்பத்தி மூணு. கொழும்பில் இருக்கிற பெரிய ஆலோசனைக் கம்பனி ஒண்டில் நாலு வருஷமா வேலை. பெரிய பெரிய கம்பனிகள் எங்களைக் கூப்பிட்டு, தங்களுக்கு என்ன கோளாறு எண்டு கேக்கும். நாங்க அங்க வேலை செய்யிற ஆக்களிட்டயே போய்க் கேட்டு, அவங்க சொன்னதை அடுக்கி, வடிவாப் படம் கீறி, அதே கம்பனிக்குத் திருப்பிச் சொல்லுவம். சிரிக்காதீங்க, சத்தியமா இதுதான் வேலை.

கொரோனாவுக்குப் பிறகு வீட்டில் இருந்தே செய்யலாம் எண்டு விட்டாங்க. வீடு எண்டால் என்ட வீடு இல்ல. எங்கட பக்கம் கலியாணம் முடிச்சால் மாப்பிள்ளைதான் பொம்பிள வீட்டுக்குப் போய் இருக்கணும். என்ட மனைவி றினோஸாவுக்கு அவட வாப்பா கட்டிக் குடுத்த வீட்டில மாடி அறை எனக்கு. மேல ஷேர்ட்டு, கீழ சாரன், முன்னால லெப்டொப். மாமி பாவம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் பெரிய உத்தியோகம் எண்டு ஊரெல்லாம் சொல்லித்தான் மகளைக் குடுத்தா. அந்த மாப்பிள்ளை விடிஞ்சால் மாடிக்கு ஏறி, மத்தியானம் சோத்துக்கு இறங்கி, திரும்பவும் ஏறினால் அவ என்னத்தைச் சொல்லுவா? வாசலுக்கு மீன் விக்க வாற காக்கா, எங்கட பக்கம் அண்ணனைக் காக்கா எண்டுதான் சொல்லுவம், என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார். "இன்னும் ஒண்டும் சரிவரல்லையா மனே? துஆ கேக்கன்." கேளுங்க காக்கா எண்டு சொல்லுவன். வேற என்ன சொல்ல?

திரையில் பதினொரு முகம் தெரியும். நாலு வருஷத்தில் கூட வேலை செய்யிற ஆக்களை நேரில் கண்டது ரெண்டு தரம். ஒரு வேலை முடிஞ்சால் அந்தக் கூட்டம் கலைஞ்சிரும். மூணு மாசம் நாளைக்கு ஏழு தரம் கதைச்ச ஆள், அடுத்த கிழமை கண்டால் ஆரெண்டு கேப்பான். எந்தக் கம்பனிக்கு வேலை செய்யிறன் எண்டு வீட்டில மூச்சும் விடப்படாது, கையொப்பம் வெச்சுக் குடுத்திரிக்கன். றினோஸா முதல் வருஷம் "இண்டைக்கு என்ன நடந்த?" எண்டு கேட்டா. நான் மழுப்பி மழுப்பி, அவவும் கேக்கிறதை விட்டிட்டா. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் நான் மைக்கை மூடுவன். சில நாளில் மூடின மைக்கைப் பின்னேரம் வரை திறக்கத் தேவையே வராது. ஆரும் என்னைத் தேடவும் இல்ல.

இதுக்குள்ள எனக்கெண்டு இருந்த ஒரே மனிசன் ஜவுபர் சாச்சா. றினோஸாட வாப்பாட தம்பி. சம்மாந்துறையில் உழவு மெசினும் நெல்லு வெட்டுற மெசினும் விக்கிற கம்பனிட கிளையில், உதிரிப்பாகக் களஞ்சியம் அவர் பொறுப்பில. இருபத்திரெண்டு வருஷம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளையைப் பூட்டினால் மூண்டரைக்குத்தான் திறப்பாங்க. சாச்சா தொழுது, சாப்பிட்டு, ரெண்டு மணிக்கு எங்கட மாடிப்படியில் செருப்புச் சத்தத்தோட ஏறுவார்.

"என்ன மருமகன், இந்தக் கிழம ஆருக்குப் புத்தி சொன்ன?"

"ஒரு பேங்குக்கு சாச்சா. பேர் சொல்ல ஏலா."

"கேட்டானா?"

"தலையாட்டினான்."

"தலையாட்டினா கேக்கல்ல எண்டு அர்த்தம்" எண்டு சொல்லி, என்னைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். றினோஸா ரெண்டு தேத்தண்ணி கொண்டு வந்து வெப்பா. கிழமையில் அந்த ஒரு மணித்தியாலம் நான் வாயாரக் கதைப்பன். அதுக்குள்ள ஆரும் கூப்பிடக் கூடாதெண்டு, கம்பனிக் கலண்டரில் வெள்ளி ரெண்டு மணியைப் பூட்டி, 'வாடிக்கையாளர் சந்திப்பு' எண்டு போட்டன்.

போன வருஷம் எங்களுக்கு ஒரு புது வேலை வந்தது. பார்த்தால் சாச்சாட கம்பனி! கிளைகளில் ஏன் உதிரிப்பாகம் தட்டுப்படுது எண்டு கண்டுபிடிக்கணும். முப்பது பேரைக் கேக்கிற பட்டியலில் சாச்சாட பேரும் கிடக்கு. சொந்தக்காரன் இருந்தால் முதலே அறிவிக்கணும் எண்டு படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. நான் அதை வெறுமையா விட்டன். ஏன் தெரியுமா? சேர்ந்த நாள் தொட்டு முதல் தரம் என்ட வேலை என்ட ஊர்ப் பக்கம் வருது. அறிவிச்சால் என்னைத் தூக்கிப்போட்டு வேற ஆளை அனுப்புவாங்க. பெருமைதான், வேற ஒண்டும் இல்ல.

சம்மாந்துறைக்குப் போய்க் களஞ்சியத்தில் சாச்சாவைக் கேட்டன். எதிரில் இருக்கிறது மருமகன் எண்டு அவரும் காட்டிக்கொள்ளல்ல. "எல்லாம் ஒழுங்கா நடக்குது சேர்" எண்டு முடிச்சிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமப் போச்சு. அந்த வெள்ளிக்கிழமை எங்கட மாடியில், தேத்தண்ணியைக் கையில வெச்சுக்கொண்டுதான் உண்மை வந்தது.

"மருமகன், வேளாண்ம வெட்டுக்குப் பத்து நாள் இரிக்கக்க கொழும்பில ஒருத்தன் கொம்பியூட்டரப் பார்ப்பான். சம்மாந்துறையில வெட்டு மெசின் பெல்ட்டு சும்மா கிடக்கு எண்டு அனுராதபுரத்துக்கு ஏத்திருவான். பத்து நாளையால இஞ்ச வயலுக்க மெசின் நிக்கும், மேல மழ இருட்டும், வயல்காரப் போடிமார் வந்து என்ட முகத்தப் பார்ப்பாங்க. அப்ப நான் கொம்பியூட்டரையா காட்டுற? அதான் பதினாலு பெல்ட்ட பழுதெண்டு சொல்லிப்போட்டு, தேத்தண்ணி அலுமாரிக்குப் பின்னால வெச்சிரிக்கம். எனக்கும் சின்னப்போடிக்கும்தான் தெரியும். வெட்டு நேரம் எடுத்து, உரிய விலைக்கே குடுப்பம். ஒரு சதம் கூட ஹராமா எடுத்ததில்ல."

சின்னப்போடி காரைதீவு ஆள். களஞ்சியத்தில் சாச்சாவோட பத்தொன்பது வருஷம். ரெண்டு பேரும் ஒண்டாத்தான் சோத்துப் பார்சல் பிரிப்பாங்க.

எங்கட வேலையில் ஒரு வழக்கம் இருக்கு. படத்துக்குப் பக்கத்தில் ஊழியர் சொன்ன ஒரு வசனத்தை அப்படியே போடுவம், பேர் போடமாட்டம். பேர் இல்லாட்டி ஆளைத் தெரியாது எண்டு நாங்க எல்லாரும் நம்புறம். சாச்சா சொன்னதை நான் இங்கிலிசில் எழுதினன். 'கொழும்பு பறிக்காமல் இருக்க, பதினாலு பெல்ட்டைத் தேத்தண்ணி அலுமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறோம்.' கீழ, 'கிளை ஊழியர், கிழக்கு'. பத்துத் தரம் வாசிச்சன், இங்கிலிசில் பிழை இருக்கா எண்டு மட்டும். மடையன்!

மீட்டிங்கில் அந்தக் கம்பனிட பெரியாக்கள் அந்த வசனத்தைக் கண்டு சிரிச்சாங்க. எங்கட டீம் லீடர் "பொன்னான வசனம், நிப்றாஸ்" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னா. பதினொரு முகமும் என்னைப் பார்த்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது எண்டு இப்ப சொல்ல வெக்கமா இரிக்கி.

ரெண்டு கிழமையில் கொழும்பில் இருந்து ஆக்கள் வந்து, கிழக்கில் இருந்த மூண்டு கிளையிலயும் தேத்தண்ணி அலுமாரியை இழுத்துப் பார்த்தாங்க. சம்மாந்துறையில் பதினாலு பெல்ட்டும் இருந்தது.

வந்த வெள்ளிக்கிழமையும் சாச்சா ரெண்டு மணிக்கு ஏறி வந்தார். செருப்புச் சத்தம் மெதுவா வந்தது. சட்டைப் பைக்குள்ள இருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வெச்சார். விசாரணை முடியும் வரை வேலையை நிப்பாட்டி, விளக்கம் கேட்டிருந்தாங்க.

"நீங்க பெரிய பெரிய கம்பனிக்கெல்லாம் புத்தி சொல்ற ஆள். இதுக்கு இங்கிலிசில ஒரு மறுமொழி எழுதித் தாங்க மருமகன். நான் செஞ்சத நான் ஒத்துக்கொள்றன். ஆனா சின்னப்போடியும் கூட்டு எண்டு எழுதணும். அவன்தான் சொல்லியிரிக்கான். வேற ஆருக்கும் தெரியாதே! பத்தொன்பது வருஷம் ஒரு சோறு திண்டம். இப்ப அவன்ட முகத்தில முழிக்கவும் எனக்கு ஏலா."

நான் எழுதத் தொடங்கினன். தேதி, விலாசம், ஐயா. முதல் பந்தி முடிஞ்சது. சின்னப்போடிட பேர் வாற இடத்தில் விரல் நிண்டிட்டு. எழுதினால் அந்த மனிசனுக்கும் வேலை போகும். எழுதாட்டி ஏன் எண்டு சொல்லணும். சொன்னால் என்ட வேலையும் போகலாம், அதை விட, இந்த மாடிக்கு ஏறி வர எனக்கு ஒரு மனிசனும் மிஞ்சாது.

"சாச்சா, சின்னப்போடி சொல்லல்ல. நான்தான் எழுதினன்."

லெப்டொப்பைத் திருப்பி அந்தப் பக்கத்தைக் காட்டினன். அவருக்கு இங்கிலிசு கொஞ்சம் வாசிக்கத் தெரியும். விரலை வெச்சு ஒவ்வொரு சொல்லா வாசிச்சார். திரும்பவும் வாசிச்சார்.

"பேர் போடல்ல சாச்சா."

"ஓம். பேர் இல்ல" எண்டார். லெப்டொப்பை என்ட பக்கம் திருப்பி வெச்சார். "களஞ்சியத்தில நீங்க கம்பனிச் சேர் மாதிரி வந்து கேட்டீங்க. அங்க நான் ஒண்டும் சொல்லல்லயே மருமகன். இஞ்ச நான் என்ட ராசாத்தி றினோஸாட புருஷனுக்கிட்டதானே சொன்னன்."

எனக்கு அழுகை வந்திட்டு. எழுதிக்கொண்டிருந்த மறுமொழியைத் திறந்து, சின்னப்போடிட பேர் வர வேண்டிய இடத்தில், இதை வெளிய விட்டது இன்ன கம்பனியில் வேலை செய்யிற என்ட சொந்தக்காரன் நிப்றாஸ் எண்டு அடிச்சன். அவர் குனிஞ்சு பார்த்தார்.

"அழிங்க."

"இல்ல சாச்சா, இருக்கட்டும்."

"அழிங்க எண்டு சொல்றன். ஒரு குடும்பத்தில ரெண்டு பேர் சும்மா இரிக்க ஏலா. றினோஸாவ ஆர் பார்க்கிற?"

அழிச்சன். அவர் என்ட போனை வாங்கி சின்னப்போடிக்கு எடுத்தார். "நான்தான்டா. மன்னிச்சிக்க, உன்னப் பிழையா நினைச்சிட்டன்" எண்டார். ஆர் சொன்னது எண்டு மற்றப் பக்கம் கேட்டிருக்கணும். "அது தெரியல்ல" எண்டு சொல்லிப் போனை என்ட கையில் தந்தார். பிறகு எழும்பிப் போயிட்டார்.

"சாச்சா ஏன் தேத்தண்ணி குடிக்காமப் போறார்?" எண்டு கீழ இருந்து றினோஸா கேட்டா.

"அவசரமாம்" எண்டன்.

விசாரணை முடிஞ்சு சாச்சாவை வேலையால நீக்கி வீட்டுக்கு அனுப்பினாங்க. அதே மாசம் எங்கட அறிக்கையை ஏத்துக்கொண்டு, வெட்டுக்கு முந்தி ஒவ்வொரு கிளையிலயும் இருபது பெல்ட் வெக்கணும் எண்டு உத்தரவும் போட்டாங்க. எங்கட டீமுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

சாச்சாவை இப்ப பள்ளியில் காணுவன். சலாம் சொன்னால் பதில் சொல்லுவார். சுகம் விசாரிப்பார். மாடிக்கு ஏறுறல்ல.

போன கிழமை டீம் லீடர் கேட்டா, "நிப்றாஸ், வெள்ளி ரெண்டு மணிக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு வாடிக்கையாளர் சந்திப்பு இருக்கே, அது எந்தக் கம்பனி? அந்த நேரம் எங்களுக்குத் தேவைப்படுது."

"அந்த நேரம் ஏலா" எண்டு சொல்லி மைக்கை மூடினன்.